பவுண் இல்லை

நான் ஒரு பொற்காசைத் திருடினேன். ஈராயிரம் ஆண்டு வயதான ரோமப் பொற்காசு. யாருடைய வீட்டையும் உடைக்கவில்லை. யாருடைய பையிலும் கை விடவில்லை. இரண்டு சொற்கள் சொன்னேன்... காசு என் மேசையில் தங்கிவிட்டது.

அந்த இரண்டு சொற்களும் பொய் அல்ல. இத்தனை நாளாக இதையே எனக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். எனக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனதால்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. புளியந்தீவில் ஒரு நகைக்கடையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், தங்கம் சோதிக்கும் இயந்திரத்தோடு இருப்பவள் நான். பௌதிகவியல் ஆய்வுகூடப் பயிற்சி முடித்தவள். காலையில் நாவற்குடாவிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். மாலையில் அதே பஸ்ஸில் போகிறேன். இடையில் மற்றவர்களின் காப்பும் சங்கிலியும் தோடும் என் கைகளைக் கடந்து போகின்றன. இயந்திரம் ஓர் எண்ணைக் காட்டும். அதை நான் வாயால் சொல்வேன். திரை என் பக்கம் பார்த்தபடி இருப்பதால் வந்தவர்கள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு மனிதரின் வாயை இவ்வளவு நம்பலாமா? நம்புகிறார்கள்...

எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும். மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒன்று வைத்திருக்கிறேன், நானே தட்டச்சு செய்தது. பவுண் காசைச் சோதிக்கும் முறை: நிறை எட்டுக் கிராமுக்கு மயிரிழை குறைவு, விளிம்பில் வரிவரியான வெட்டு, ஒரு பக்கம் அரச தலை, மறு பக்கம் குதிரை வீரன், இருபத்திரண்டு கரட். ஐந்தும் சரி என்றால் பவுண். ஒன்று பிழைத்தாலும் பவுண் இல்லை.

இந்த இடத்தில் அந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பேச்சில் பவுண் என்பதற்கு இரண்டு பொருள். ஒன்று, வெள்ளைக்காரன் காலத்துத் தங்க நாணயம். மற்றது, தங்கமேதான். பவுண் காப்பு என்றால் தங்கக் காப்பு. பவுண் விலை ஏறிவிட்டது என்றால் தங்கத்தின் விலை ஏறிவிட்டது. தடுப்புக்கு உள்ளே இருக்கிற எனக்குப் பெரும்பாலும் முதற்பொருள். தடுப்புக்கு வெளியே நிற்பவர்களுக்கு எப்போதும் இரண்டாம் பொருள்.

எனக்கு இது தெரியாதா? தெரியும். நான் இந்த ஊரில் பிறந்தவள்!

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி முற்பகல். சித்தாண்டிப் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றின் வண்ணக்கர் கடைக்கு வந்தார். கோயிலின் பொறுப்பை ஏற்று நடத்துபவரை எங்கள் பக்கத்தில் வண்ணக்கர் என்போம். வந்தவுடன், கடையில் இருந்த ஒரே கதிரையில் அமர்ந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, காதில் பழைய கல்லுத்தோடு. யோகம் அக்கா.

"மிஸ், கோயில் சடங்கு வருது," என்றார் வண்ணக்கர். "இவ மகள்ட காய்ச்சல் மாறினதுக்கு அம்மாளுக்கு ஒரு பவுண் நேந்து வச்சிரிக்கா. சனம் ஒவ்வொண்டு கதைக்குது. பவுண்தானா எண்டு நீங்க பாத்துச் சொல்லுங்க, என்ட தலையிடி தீரும்."

யோகம் அக்கா கைலேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்த்து, காசை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"என்ட மனிசன் இரிக்கக்குள்ள, வட்டைக்குள்ள வயலுக்கு வாய்க்கால் வெட்டின நேரம் கண்டெடுத்தது மிஸ். பாருங்க, அம்மாள் இரிக்கா. கதிரையில இரிக்கா. ஒரு கையில வேப்பிலை. மத்தக் கையில பிரம்பு."

"அம்மாள் எப்ப புள்ள கதிரையில இரிந்தவ?" வண்ணக்கர் சிரித்தார்.

"நீங்க இரிக்கிறீங்க. அவ இரிக்கப்படாதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காத்தான்குடியிலிருந்து காப்பு மாற்ற வந்திருந்த வயதான வியாபாரி ஒருவர் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். அவருடைய கடைவாய்த் தங்கப்பல் மின்னியது. வண்ணக்கர் மட்டும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

நான் காசை வாங்கினேன். சிறியது, தடித்தது, முழு வட்டமும் அல்ல. ஒரு பக்கம் இலைமாலை சூடிய ஓர் ஆணின் தலை. அந்த முகத்தின் குறுக்கே ஆழமான ஒரு வெட்டு. மறு பக்கம், யோகம் அக்கா சொன்னபடியே, இருக்கையில் அமர்ந்த ஒரு பெண். ஒரு கையில் நீண்ட தண்டு, மறு கையில் இலைக்கொத்து. இரண்டு பக்கமும் சுற்றிவர எழுத்துகள்.

பட்டியலைத் தொடங்கினேன். நிறை, குறைவு. விளிம்பில் வரி, இல்லை. குதிரை வீரன், இல்லை. இயந்திரத்தில் வைத்தேன். கிட்டத்தட்டக் கலப்பே இல்லாத தங்கம்! இருபத்திரண்டு கரட்டுக்கு மேல். ஆனால் பட்டியலில் இருந்தது இருபத்திரண்டு. கூடினாலும் பிழை பிழைதானே...

"பவுண் இல்லை," என்றேன்.

வண்ணக்கர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கேட்டியா? அம்மாளுக்கே பித்தளை! அவ என்ன கண் தெரியாதவவா? முகத்தில வெட்டிரிக்கு பார். எவனோ முந்தியே வெட்டிப் பாத்து, பொய் எண்டு எறிஞ்சிரிக்கான். அத நீ பொறுக்கிக்கொண்டு வந்து கோயிலுக்குக் குடுக்கிறாய்."

"மிஸ், என்ட பல்லையும் ஒருக்காப் பாருங்க," என்றார் தங்கப்பல் வியாபாரி. "நாப்பது வருசமா இத நம்பித்தான் வாயத் திறந்து சிரிக்கிறன்."

மறுபடியும் சிரிப்பு. யோகம் அக்கா சிரிக்கவில்லை. அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. நாணயம் இல்லை என்று நான் சொன்னேன். தங்கம் இல்லை என்று அவர்கள் கேட்டார்கள். திருத்துவதற்கு எவ்வளவு வேண்டியிருந்தது? ஒரு வாக்கியம். "தங்கம்தான், பவுண் காசு மட்டும் இல்லை." திரையைத் திருப்பிக் காட்டியிருந்தால் அந்த வாக்கியமும் தேவைப்பட்டிராது!

வாயைத் திறந்தேன். உண்மையாகத் திறந்தேன். ஆனால் கண் மறுபடியும் காசுக்குப் போனது... அந்த எழுத்துகள்! பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தில் பார்த்த, ரோமத் தூண்களில் வெட்டிய எழுத்துகள். இது என்ன என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும், எனக்கு அது வேண்டும் என்றிருந்தது.

"பித்தளையா மிஸ்?" என்று யோகம் அக்கா கேட்டார்.

"சொல்லேலாது அக்கா. வச்சிட்டுப் போங்க, பாக்கிறன்."

முதல் இரண்டு சொற்கள் பொய் அல்ல என்று எழுதினேனே... இது பொய். எண் என் கண்முன்னே எரிந்துகொண்டிருந்தது.

"இஞ்சயே கிடக்கட்டும்," என்றார் வண்ணக்கர். "இத இனி ஊருக்குள்ள கொண்டுவரப்படாது."

அவர்கள் போனார்கள். ஒரு மூக்குத்திக்குக்கூடப் பற்றுச்சீட்டு எழுதுகிற நான், அந்தக் காசுக்கு எழுதவில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். விற்கவா? இல்லை. விற்கும் எண்ணம் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் அது என்னை நல்லவளாக்குமா? என் மேசைக்கு வருபவை எல்லாம் விற்கவோ அடகு வைக்கவோ உருக்கவோ வருபவை. பிள்ளையின் படிப்புக்கு ஒரு சங்கிலி, கணவரின் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு சோடிக் காப்பு... அத்தனை முகங்களையும் பார்த்துப் பார்த்து நான் களைத்திருந்தேன். கொடுப்பதற்காக ஒரு பொருள் வந்தது அதுதான் முதல் தடவை. அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். வேறெதையாவது எடுத்திருக்கக் கூடாதா!

வீட்டில் தேடிப் படித்தேன். அந்தத் தலை ரோமப் பேரரசர் ஒருவருடையது. அவர் சூடியிருப்பது வெற்றியின் இலைமாலை. மறு பக்கத்துப் பெண்ணைச் சிலர் பேரரசரின் தாய் என்கிறார்கள். சிலர் அமைதியின் தேவதை என்கிறார்கள். தாயையே அமைதியாக வடித்திருக்கிறார்கள் என்போரும் உண்டு. வேப்பிலை என்று யோகம் அக்கா கண்டது ஒலிவக் கிளை. பிரம்பு என்று கண்டது செங்கோல், அல்லது தலைகீழாகப் பிடித்த ஈட்டி. போர் முடிந்தது, இனி இது குத்தாது என்று சொல்லும் ஈட்டி.

யோகம் அக்கா பிழையாகவா பார்த்தார்? நான் இதை நெடுநாள் யோசித்தேன். எங்கள் அம்மன் கோயில்களில் சடங்கின் கடைசி நாளைக் குளிர்த்தி என்போம். கோபம் கொண்ட அம்மனை, போதும் தாயே ஆறு என்று குளிர்விக்கும் நாள். வேப்பிலை அதற்குத்தான். ரோமச் சிற்பி ஒலிவ இலையால் சொன்னதை அவர் வேப்பிலையாக வாசித்தார். இலைதான் மாறியது. சோதிக்கத் தெரிந்த நானோ, அதில் குதிரை இல்லை என்று கண்டுபிடித்தேன்...

முகத்தின் வெட்டைப் பற்றியும் படித்தேன். கடலுக்கு இந்தப் பக்கம் வந்த ரோமக் காசுகள் பலவற்றில் அது உண்டாம். உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க வெட்டினார்கள் என்று ஒரு கருத்து. வேற்று அரசனின் அதிகாரத்தை வெட்டித் தங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று இன்னொன்று. எதுவானாலும், எனக்கு முன்னே ஒருவர் இந்தக் காசைச் சோதித்திருக்கிறார். பெண்ணின் பக்கத்தை அவர் தொடவில்லை.

வண்ணக்கர் என்ற சொல்லை அகராதியில் தேடியதும் அந்த நாட்களில்தான். பழந்தமிழில் அதன் பொருள் நாணயம் சோதிப்பவர். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அவருக்குப் பெயர் இருந்தது, எனக்கு வேலை இருந்தது. இருவருக்கும் நடுவில் அந்தப் பெண் நின்றார்.

இப்படிக் கிடைத்த பொருளைத் தொல்பொருள் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் தெரியும். அறிவிக்கவில்லை. அறிவித்தால் எப்போது, யாரிடமிருந்து, எப்படி என்று எழுத வேண்டும். எப்படி என்ற இடத்தில் என்ன எழுதுவேன்?

ஒரு வாரத்தில் யோகம் அக்கா மறுபடி வந்தார். காதுகளில் தோடு இல்லை. துளைகளில் இரண்டு ஈர்க்குத் துண்டுகள். தோட்டை மேசையில் வைத்தார்.

"இத உருக்கி அம்மாளுக்கு ஒரு காசு செய்யோணும். சடங்குக்கு முன்ன வேணும். நேந்தது நேந்ததுதானே? இதாவது பவுண்தானா மிஸ்?"

"ஓம் அக்கா. நல்ல பவுண்."

பார்த்தீர்களா! அன்றைக்கு அந்தச் சொல்லின் இரண்டாம் பொருள் என் வாயில் எவ்வளவு இலகுவாக வந்தது! காசு என் கைப்பைக்குள், ஒரு முழத் தூரத்தில் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் ஒரு வாரம் ஆகிவிட்டதே... முதல் நாள் சொல்லியிருந்தால் அது ஒரு திருத்தம். எட்டாம் நாள் சொன்னால் அது களவு. கற்களைக் கழற்றினார்கள். தோடு உருகியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் பஸ் யன்னலால் வாவிக்குள் எறிந்துவிடலாமா என்று நினைப்பேன். எறிந்தால் என்ன தீரும்? என் கை காலியாகும், அவ்வளவுதான்.

இப்படி மூன்று வருடங்கள் போயின.

கடந்த வைகாசியில் அந்தக் கோயிலுக்குப் போனேன். காசை எடுத்துக்கொண்டுதான் போனேன். வளவுக்குள் ஏழெட்டுப் பெண்கள் குளித்த ஈரத் தலையோடு உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தார்கள், அம்மனின் பொங்கலுக்காக. யாரும் தானாகப் போய்க் குத்திவிட முடியாது. கோயிலில் அழைக்க வேண்டும். யோகம் அக்கா வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்தானே? வாங்க, வாங்க!" என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க உள்ளுக்குப் போகலியா அக்கா?"

"முந்தி நானும் குத்தினனான். இருவது வருசம். இப்ப கூப்பிடுறல்ல. பித்தளக்காசி எண்டு பட்டம் வச்சிட்டாங்க." சிரித்தார். "நல்ல காசு செய்து குடுத்தும் பட்டம் போகல்ல. அது பரவால்ல. நீங்க அண்டைக்குச் சொன்னபடியால்தான் நான் தப்பினன் மிஸ். இல்லாட்டி அம்மாளுக்குப் பொய்க்காசு போட்ட பாவம் என்ட புள்ளைக்கெல்லோ வந்திரிக்கும்!"

எனக்கு நன்றி சொன்னார்... எனக்கு!

நான் என்ன செய்தேன் தெரியுமா? "தண்ணி குடிச்சிட்டு வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கூட்டம் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காசை உண்டியலில் போட்டேன். அது விழுந்த ஓசை எனக்கு மட்டும் கேட்டது. என் மூளை அப்போதும் பட்டியல்தான் போட்டது: காசு அம்மனிடம் சேர்ந்தது, சரி; நேர்த்தி நிறைவேறியது, சரி; யாருக்கும் தெரியாது, சரி. திரும்பும் பஸ்ஸில் மூன்று வருடங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

உண்டியலை யார் திறப்பார் என்பது மட்டும் பட்டியலில் இல்லை!

பத்து நாள் கழித்து வண்ணக்கர் கடைக்கு வந்தார். இம்முறை தனியே. மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். முகத்தின் குறுக்கே அதே வெட்டு.

"இத ஞாபகமிரிக்கா மிஸ்?"

"ஓம்..."

"உண்டியல்ல கிடந்தது. ஊர்ச் சனம் எல்லாம் பாத்துக்கொண்டு நிக்க, காசோட காசா விழுகுது. எனக்கு வெட்டப் பாத்தவுடன் விளங்கிட்டு. நான் இத உங்களிட்டத்தானே விட்டுட்டுப் போன? அந்தப் பொம்புள திரும்ப வந்து வாங்கிக்கொண்டு போனவவா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். என்மேல் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அதுதான் என்னை விழுத்தியது. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பது எனக்குத் தெரியும்.

"ஓம்," என்றேன்.

இதுதான் நான் ஒப்புக்கொள்ள வந்தது. முதலில் எழுதிய களவு அல்ல, இது. மூன்று வருடங்களுக்கு முன் சொன்னதில் ஒரு சொல்லின் இரு பொருளுக்குள் நான் ஒளிந்துகொள்ள முடிந்தது. இந்த ஓமுக்கு ஒரு பொருள்தான். ஒளிய இடமில்லை.

"நான் நினைச்சன்," என்றார் அவர். "அவவுக்கு அம்மாளோட என்ன பிடிவாதமோ! இத இனி ஒருத்தருக்கும் குடுக்காதீங்க மிஸ். நீங்களே வச்சிரிங்க. உங்களிட்ட இரிந்தாத்தான் பத்திரம்."

வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை யோகம் அக்கா வந்தார். கடையில் ஆளில்லாத மதிய நேரம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்... அவர் தடுப்பின் அருகே வந்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், நான் வந்து அந்தக் காச வாங்கிப் போனன் எண்டு சொன்னீங்களாம். எப்ப வந்தன்? எனக்கு ஞாபகமே வருகுதில்ல."

நான் மேசைக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"மகளிட்டச் சொன்னன், நான் போகல்ல புள்ள எண்டு. அவள் சொல்லுறாள், அம்மாக்கு இப்ப மறதி கூடிட்டாம். ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போய்த் தலையப் படம் எடுக்கப் போறாளாம். மறுகா நானும் யோசிச்சன். நீங்க படிச்ச புள்ள. என்னோட உங்களுக்கு என்ன கோவம்? நீங்க ஏன் இல்லாததச் சொல்லப் போறீங்க? அப்ப நான்தானே வந்திரிக்கோணும்..."

ஈர்க்குத் துண்டுகள் இருந்த காதுகளை என் பக்கம் சாய்த்து நின்றார்.

"எந்தச் சாறி உடுத்துக்கொண்டு வந்தன் மிஸ்? அத மட்டும் சொல்லுங்க. சாறியச் சொன்னா எனக்கு எல்லாம் ஞாபகம் வந்திரும்."

"யோசிச்சுச் சொல்றன் அக்கா."

"ஓமோம், அவசரமில்ல. வாற செவ்வாய் மருந்தெடுக்க ஆசுபத்திரிக்கு வாறன். அப்ப வந்து கேக்கிறன்."

நாளை செவ்வாய்க்கிழமை.

நாளை உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று எழுதி இதை முடிக்கத்தான் உட்கார்ந்தேன். காசை அவர் கையில் வைத்து, உங்கள் தலையில் ஒரு குறையும் இல்லை அக்கா, குறை என் வாயில்தான் என்று சொல்வேன்... இப்படி ஒரு வரி. எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. வெட்டிவிட்டேன்.

ஏனென்றால் இதை நீங்கள் வாசிக்கும் இந்த இடம்வரை எழுதி வந்துவிட்ட பிறகும், என் மனம் வேறொன்றைத்தான் செய்துகொண்டிருக்கிறது. அன்று கோயில் வேலிக்கு வெளியே அவர் உடுத்து நின்ற சாறி நீலமா, மெல்லிய பச்சையா என்று அது நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது.